வெட்டச் சொன்னார், வெட்டினார்கள்

செயலமர்வு என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். செயலும் இருக்கிறதாம், அமர்வும் இருக்கிறதாம். நான் கண்ட அளவில் அமர்வுக்குக் குறைவில்லை. கதிரைகளை வரிசையாகப் போட்டு, பிள்ளைகளை இருத்தி, மேடையில் ஒருவர் ஏறி, இறங்க மனமில்லாமல் கதைத்து, பிறகு புரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பினால் அதற்குப் பெயர் செயலமர்வு. செயல் எங்கே என்று தேடினால் பதாகையில் படமாகத் தொங்கும். வெள்ளைக் கோட்டும் பெரிய கண்ணாடியும் போட்ட ஒரு பெண்பிள்ளை, நீலத் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். அத்தனை காலம் ஆய்வுகூடத்தில் நின்ற நான், போத்தலைப் பார்த்துச் சிரித்த ஒருத்தியையும் கண்டதில்லை.

போன மாதம் பஸ்மிலா வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்றபின் என்னுடைய இடத்துக்கு வந்த ஆய்வுகூட உதவியாளர், கிண்ணியாப் பிள்ளை.

"பாக்கியக்கா, பெண்பிள்ளையளுக்கு விஞ்ஞானத் தொழில் வழிகாட்டப் போகினமாம். கையால செய்து பாக்கிற செயலமர்வாம். எங்கட ஆய்வுகூடத்திலதான். நான் என்ன ஆயத்தப்படுத்தி வைக்க?"

"கதிரை" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு, பாடசாலை மலருக்கு என் வேலைக் காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டு வரச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் எழுதியதை மாற்ற ஒருவரையும் விடமாட்டேன். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தலாம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். இதை வாசிக்கிறவர்கள் என்னோடு கோபித்தால் கோபிக்கட்டும். பென்சன் இனி நிற்காது.

நான் அந்தப் பாடசாலைக்குள் வந்தது தும்புத்தடியோடு. வகுப்பறை கூட்ட வந்தவளை, ஆய்வுகூடத்துக்கு ஆள் இல்லையென்று அங்கே மாற்றினார்கள். யன்னலால் பார்த்தால் உள்துறைமுகமும், மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பலும் தெரிகிற அறை. அமிலத்துக்குள் தண்ணீர் விடாதே, தண்ணீருக்குள் அமிலத்தை விடு. உடைந்த கண்ணாடியைக் கையால் பொறுக்காதே. பெயர் ஒட்டாத போத்தலை நம்பாதே. என் பயிற்சி அவ்வளவுதான். முதல் வருடம் சேலையில் ஓட்டைகள் விழுந்தன. பிறகு விழவில்லை.

மேலதிகாரி என்று சொன்னால் அதிபரைத்தான் சொல்லவேண்டும். அதிபர்கள் வந்தார்கள், போனார்கள். நான் பயந்தது இராசமலர் ரீச்சருக்கு மட்டும். உயிரியல் படிப்பித்தவர். சத்தம் போடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடப்பார். பிள்ளைகள் செய்கிறதில் கை வைக்கவே மாட்டார். ஒருத்தி பிழையாகச் செய்துகொண்டிருந்தாலும் அவளுக்குப் பின்னால் போய் நிற்பாரே தவிர, கையை நீட்டமாட்டார். நின்றாலே பிள்ளைக்கு வியர்க்கும்.

செய்து முடித்துவிட்டு, "சரியோ ரீச்சர்?" என்று கேட்டால், "என்ன கண்டீர்?" என்பார்.

"புத்தகத்தில இருக்கிற மாதிரி…" என்று ஒருத்தி தொடங்குவாள்.

"புத்தகத்தை நானும் வாசிச்சனான். நீர் என்ன கண்டீர்?"

நல்லது, கெட்டிக்காரி என்ற சொற்கள் அவருடைய வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. திருப்தி என்றால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சான்றிதழ் அதுதான். இப்போது மணித்தியாலத்துக்கு ஒரு சான்றிதழ், அதிலும் பொன் எழுத்து.

மீன் செய்முறை என்றால் முதல்நாளே என் வேலை தொடங்கிவிடும். தகரத் தட்டுகளில் மெழுகை உருக்கி ஊற்றி ஆறவிட வேண்டும். மெழுகுக்குள் விளக்குக் கரியைக் கலந்து கறுப்பாக்க வேண்டும். வெள்ளை மெழுகில் வெளிறின குடல் தெரியாது. விடியப் போய்ச் சந்தையில் வயிறு உடையாத மீனாகப் பார்த்து வாங்கவேண்டும். தட்டுக்கு ஒரு கத்தரிக்கோல். கத்தி வைக்கக்கூடாது. மீனைக் கிடத்தி, ஊசி குத்தி, மூடுமளவுக்குத் தண்ணீர் விட்டபிறகு ரீச்சர் ஒரு சொல் சொல்வார்.

"திறவுங்கோ."

மலவாயிலிருந்து தலைப்பக்கமாக, கத்தரிக்கோலின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி, தோலையும் தசையையும் மட்டும் வெட்டிக்கொண்டு போகவேண்டும். உள்ளே ஒன்றும் காயப்படக்கூடாது. இருப்பது இருந்த இடத்திலேயே தெரியவேண்டும். பார்த்துப் படம் கீறி முடித்தபிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே எடுக்கலாம்.

வெட்டுங்கோ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் மீன் வெட்டுவது என்றால் அது வேறு வேலை. செதில் சுரண்டி, பூவைப் பிடித்து இழுத்து, குடலை எறிந்து, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் அலசி, சட்டிக்குள் போடுவது. மீன் மூச்சு விடுகிற அந்தச் சிவப்புப் பூவுக்குப் பாடப்புத்தகத்திலும் பூ என்றுதான் பெயர். மற்றதெல்லாம் குசினிக்கும் ஆய்வுகூடத்துக்கும் ஒத்துவராது.

இன்னொரு கட்டளையும் இருந்தது. செய்முறை முடிந்து கழிவு சேர்ந்த வாளியை அவர் பார்க்காமல் கொட்டக்கூடாது. "பிள்ளையள் காணாமல் விட்டதெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கும், பாக்கியம்" என்பார்.

போர் முடிந்தபிறகு செயலமர்வுகள் வரத் தொடங்கின. ஒரு கூட்டம் எரிமலை செய்து காட்டியது. களிமண் குன்றுக்குள் சோடாத் தூளைப் போட்டு வினாகிரி ஊற்ற, நுரை பொங்கிவந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்கள் ஊரில் எங்கே எரிமலை? கொதிக்கிறது வேண்டுமென்றால் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது. யன்னலுக்கு வெளியே அவ்வளவு பெரிய கடல் கிடக்கிறது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கியதைத் துடைத்தது நான்.

இன்னொரு கூட்டம் பிள்ளைகளுக்குக் கண்ணாடியும் கோட்டும் கொடுத்தது. படம் எடுத்து முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு போனது. ஒரு பொறியின் பொத்தானை ஒருத்தி அழுத்த, மற்றப் பிள்ளைகள் அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் அதற்குப் பெயர் கையால் செய்து பார்த்தல். ஒரு ஐயா மேடையில் நின்று, "அன்புச் செல்வங்களே, நீங்கள் நினைத்தால் விண்வெளிக்கே போகலாம்! கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றார்.

பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். "சேர், நிலாவெளி பஸ் இரண்டு மணிக்குப் போயிடும். அதுக்கு முதல் விடுவியளோ?"

அன்றைக்கு நடந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி அது ஒன்றுதான்.

அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான் ஜெசிந்தா. இறக்கக்கண்டிப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் பிலோமினா கடற்கரை வாடியில் மீன் பிளந்து, உப்புப் போட்டு, கருவாடு காயவைக்கிறவர். அந்தக் கடற்கரையில் ஜெசிந்தாவின் வயதுப் பெண்கள் தாயோடு வாடியில் நிற்பார்கள். இவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்க வந்தாள். வீட்டில் அதற்கு விருப்பமில்லை. வர்த்தகம் படித்து வங்கியில் இருக்கவேண்டும் என்பதுதான் தாயின் எண்ணம். மின்விசிறிக்குக் கீழே, கை நனையாத வேலை.

அந்த நேரம்தான் கடல் விஞ்ஞானத்தில் பெண்கள் என்று ஒரு செயலமர்வு வரப்போவதாகச் சொன்னார்கள். முடிவில் ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, விடுமுறைக்குக் கொழும்பில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கிப் படிக்க அனுப்புவார்களாம். ஜெசிந்தா வீட்டில் சண்டை பிடித்து ஒரு முடிவு வாங்கிக்கொண்டு வந்தாள். தெரிவு வந்தால் உயிரியலைத் தொடரலாம். வராவிட்டால் அடுத்த திங்களே வர்த்தக வகுப்புக்கு மாறவேண்டும். என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "மீன் செய்முறையாம் பாக்கியக்கா. மீனெண்டா எனக்கென்ன பயம்?" என்றாள்.

அந்த நாள் பார்த்து இராசமலர் ரீச்சரை வேறு ஒரு கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார் அதிபர். வருகிறவர்களுக்கு நடுவில் ரீச்சர் நின்று "என்ன கண்டீர்?" என்று கேட்டுவிடுவார் என்ற பயம்தான். வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியாது.

வந்தவர் திட்ட இணைப்பாளர். கழுத்தில் அட்டை தொங்கியது. அட்டையின் மறுபக்கத்திலும் அவருடைய படம்தான் இருந்தது. ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் பன்னிரண்டு விளைமீன் கொண்டுவந்திருந்தார். மீன் நல்ல மீன்தான், அதில் குறை சொல்லமாட்டேன். என்னைக் கண்டதும், "ஆயாம்மா, இவற்றை மேசைகளில் வையுங்கள்" என்றார். நான் ஒருவருக்கும் ஆயாவாக இருந்ததில்லை. வைத்தேன்.

"கத்தரிக்கோல் எடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"கத்தி இருக்கிறது" என்றார். பெட்டி நிறையப் புதுக் கத்திகள், பிடியில் திட்டத்தின் பெயரோடு. பிறகு பிள்ளைகளிடம் திரும்பி, "இரண்டு பேருக்கு ஒரு மீன். இப்போது உங்கள் முன்னால் இருக்கும் மீனை வெட்டி, பாகங்களைத் தட்டில் ஒழுங்காக வையுங்கள். யாரும் பயப்படக்கூடாது" என்று சொல்லிவிட்டு, படம் பிடிக்கிறவரைக் கூப்பிட வெளியே போனார்.

இறக்கக்கண்டி, ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா என்று கடலோடு கிடக்கிற ஊர்ப் பிள்ளைகள். கையில் கத்தி, முன்னால் மீன், வெட்டுங்கள் என்று கட்டளை. வெட்டினார்கள். செதில் பறந்தது. பூவைப் பிடித்து ஒரே இழுவையில் குடலோடு சேர்த்து எடுத்து என்னுடைய வாளிக்குள் எறிந்தார்கள். நான் வாய் திறக்குமுன் பாதி வேலை முடிந்துவிட்டது. தலை, நடுத்துண்டு, வால் என்று வரிசையாகத் தட்டில் அடுக்கினார்கள். ஒருத்தி முள்ளையும் எடுத்துவிட்டாள். ஜெசிந்தா தன்னுடைய மீனை முடித்துவிட்டுப் பக்கத்து மேசைக்கும் உதவிக்குப் போனாள். துண்டுகளைக் குழாய்த் தண்ணீரில் அலசி வைத்துவிட்டு, "மஞ்சள்தூள் இருக்கோ பாக்கியக்கா?" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

இணைப்பாளர் உள்ளே வந்தார். பின்னால் கமராக்காரர். முதல் தட்டைப் பார்த்தார். இரண்டாவது தட்டைப் பார்த்தார்.

"இதயம் எங்கே?"

"வாளிக்குள்ள, சேர்" என்றாள் ஜெசிந்தா.

"ஈரல்?"

"அதுவும் வாளிக்குள்ள."

"யார் உங்களை இப்படி வெட்டச் சொன்னது?"

ஜெசிந்தா சுற்றிவரப் பார்த்தாள். "நீங்கள்தானே, சேர்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "இது ஆய்வுகூடமா, குசினியா? உங்களுக்கெல்லாம் விஞ்ஞான மனப்பாங்கு வரவே வராது. போய்க் குசினியிலேயே நில்லுங்கள்!" என்று கத்தினார். கத்தியது எல்லோரையும் பார்த்து. ஆனால் முன்னால் நின்றவள் ஜெசிந்தா. சிரிப்பு அப்படியே அவளுடைய முகத்திலிருந்து இறங்கியது.

பன்னிரண்டில் ஒரு மீன் மட்டும் முழுதாகக் கிடந்தது. டவுன் நகைக்கடைக்காரரின் மகளும் அவளுடைய தோழியும் இருந்த மேசை. நாற்றத்துக்குப் பயந்து இரண்டு பேரும் மீனைத் தொடவே இல்லை. தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். இணைப்பாளர் அந்த மேசைக்குப் போனார். கடைக்காரரின் மகளுக்குக் கையுறை மாட்டி, கையில் கத்தியைக் கொடுத்து, மீனுக்கு மேலே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். தெரிவானவளும் அவள்தான். மீனைத் தொடாதவளுக்குக் கடல் விஞ்ஞானம். பாவம், அந்தப் பிள்ளையில் பிழையில்லை. அவள் கேட்கவும் இல்லை.

போகும்போது இணைப்பாளர், "ஆயாம்மா, அந்த வாளியை முதலில் கொண்டுபோய்க் கொட்டுங்கள்" என்றார். ஓம் என்றேன். அவர் வாகனம் ஏறியபிறகு வாளியை மூடி, ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். நான் யாருடைய சொல்லுக்கு வேலை செய்கிறவள் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை ரீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வெட்டச் சொன்னவர், வெட்டியிருக்கினம். வாளி எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். உயிரியல் வகுப்பைக் கூப்பிட்டு, வாளியை நடு மேசையில் வைத்தார். ஜெசிந்தா பின்னுக்கு நின்றாள். அன்றைக்கே தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போக வந்தவள் அவள். வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாள். தாய் பின்னால் வருகிறார், அதிபரிடம் வகுப்பு மாற்றக் கேட்கப் போகிறார் என்று என்னிடம் சொன்னாள். அழவில்லை. அழுதால் நல்லது என்று நினைத்தேன்.

"பதினொரு மீன்" என்றார் ரீச்சர். "எல்லாம் கலந்து கிடக்கு. எது என்னெண்டு பிரியுங்கோ. பெயர் தெரியாட்டிப் பரவாயில்லை. ஒரே மாதிரி இருக்கிறதை ஒரே வரிசையில வையுங்கோ. ஜெசிந்தா, நீரும் வாரும். மாறிப்போறதெண்டா இதை முடிச்சுப்போட்டு மாறும்."

கறுப்பு மெழுகுத் தட்டுகளைப் பரப்பினேன். பிள்ளைகள் வாளிக்குள் கைவிட்டு எடுத்து எடுத்து வைத்தார்கள். பூவோடு ஒட்டிக்கொண்டு இதயங்கள் வந்தன. ஈரல், இரைப்பை, காற்றுப்பை, பச்சைப் பித்தப்பை, மஞ்சள் சினை. ரீச்சர் வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த நேரத்தில்தான் கதவடியில் பிலோமினா வந்து நின்றார். அதிபரிடம் போனவர், மகளைக் கூட்டிவர இங்கே வந்திருக்கிறார். கண்டது என்னவென்றால், மகள் முழங்கை வரைக்கும் மீன் குடலுக்குள் நிற்கிறாள்.

"அப்ப சேர் சொன்னது சரிதான்!" என்றார் பிலோமினா. "ரீச்சர், மீன் வெட்டத்தான் படிப்பிக்கிறியள் எண்டா என்ர வாடியில வெட்டட்டுமே. பஸ் காசு மிச்சம். இந்த நாத்தம் என்னோட போகட்டும் எண்டுதானே இவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினனான்? நீங்கள் இஞ்ச வைச்சுத் திரும்பப் பூசிவிடுறியளே!"

"முடியப்போகுது. கொஞ்சம் நில்லுங்கோ" என்றார் ரீச்சர்.

"நிக்க நேரமில்லை. வெய்யிலுக்க கருவாடு கிடக்கு." சொல்லிக்கொண்டே பிலோமினா மேசையடிக்கு வந்துவிட்டார். வந்தவருடைய கண் சும்மா இருக்குமா? ஒரு வரிசையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கடும் சிவப்பாக, சின்னச் சின்னதாக, ஜெசிந்தா அடுக்கி வைத்திருந்த வரிசை.

"இதென்னடி? ரத்தக்கட்டியை ஏன் அடுக்கி வைச்சிருக்கிறாய்? தூக்கி எறி."

"ரத்தக்கட்டி இல்லையம்மா."

"ஆருக்குச் சொல்லுறாய்? நான் பிளக்காத மீனோ?"

ஜெசிந்தா தட்டைத் தாயின் பக்கம் தள்ளினாள். "எண்ணிப் பாருங்கோ. இதயம் பதினொண்டு. ஈரல் பதினொண்டு. இதுவும் பதினொண்டு. சினை நாலுதான் வந்தது, ஏனெண்டா எல்லா மீனுக்கும் சினை இல்லை. ரத்தம் கட்டினதெண்டா மீனுக்கொண்டா எண்ணியே கட்டும்? இது எல்லா மீனுக்கும் உள்ள சாமான், அம்மா. நாங்கள்தான் பாக்காமல் எறிஞ்சனாங்கள்."

பிலோமினா குனிந்தார். உதட்டை அசைத்து எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார். பிறகு ரீச்சரை நிமிர்ந்து பார்த்து, கோபம் குறையாமலே கேட்டார்: "அப்ப என்னதான் அது?"

"பெயரை உங்கட மகள் தேடட்டும்" என்றார் ரீச்சர். "தேடினாப் பிறகு உங்களுக்குச் சொல்லுறம்." சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஜெசிந்தாவுக்கு அதன் பொருள் தெரியும். எனக்கும் தெரியும். பிலோமினாவுக்குத் தெரியாது.

"பேரைத் தேடிக் கறி வைக்கிறதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வகுப்பு மாற்றத்துக்கு அதிபரும் ஓம் என்று சொல்லியிருந்தார். வந்த விருந்தாளி, இந்தப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனதை அவர் வேதம் மாதிரி எடுத்துக்கொண்டார். தன்னுடைய ரீச்சரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கழுத்தில் அட்டை தொங்கினால் அதற்கு அவ்வளவு மதிப்பு.

சனிக்கிழமை ரீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் பஸ் ஏறினார். ஏன் நான் என்று கேட்டேன். "வாளியைக் காப்பாத்தினது நீங்கள்தானே" என்றார். அவ்வளவு காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதுவும் பாராட்டா என்று இன்றைக்கும் நிச்சயமில்லை.

பிலோமினா வாடிக்குள் பலகையில் குந்தியிருந்து சூரை பிளந்துகொண்டிருந்தார். உப்பு அரித்து விரல்களெல்லாம் வெடித்திருந்தன. எங்களைக் கண்டு எழும்பவில்லை. ஜெசிந்தா பின்னால் உப்புச் சாக்கை இழுத்துக்கொண்டு நின்றாள். கிட்டவும் வரவில்லை.

"மண்ணீரல்" என்றார் ரீச்சர்.

"என்ன?"

"அண்டைக்கு நீங்கள் கேட்டனீங்களே, அது என்னெண்டு. மண்ணீரல். அடுத்த நாளே மகள் புத்தகத்தில தேடிக் கண்டுபிடிச்சு வந்து எனக்குச் சொன்னவ. உங்களுக்குச் சொன்னவவோ?"

"நான் அவளோட கதைக்கிறேல்ல."

"அதுதான் நான் வந்தனான்."

பிலோமினா கத்தியைக் கீழே வைத்தார். "இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"கேட்டது நீங்கள். சொல்லாமல் விடலாமோ?"

பொறுக்காமல் நான் வாயைத் திறந்தேன். "பிள்ளை, நானும் ஆய்வுகூடத்தில மீன் வாளி தூக்கினனான்தான். தூக்கித்தான் என்ர பிள்ளையளை ஆளாக்கினனான். அதில என்ன வெக்கம்?"

"அக்கா, நீங்கள் தூக்கினது அரசாங்கத்து வாளி" என்றார் பிலோமினா. அவர் ரீச்சரிடம் திரும்பினார். "ரீச்சர், சுனாமிக்குப் பிறகு வந்தவை வள்ளம் எண்டவை. சண்டை முடிய வந்தவை வீடு எண்டவை. இந்தக் கிழமை வந்தவர் கொழும்பு எண்டவர். இந்த வாடிக்குள்ள நிண்டு படமெடுக்காத ஆளில்லை. நீங்கள் என்ன தாறியள்?"

"ஒண்டும் தர ஏலாது."

"இவள் சோதனை பாஸ் பண்ணுவாளோ?"

"தெரியாது."

"பண்ணினா அரசாங்க வேலை வருமோ?"

"அதுவும் சொல்ல ஏலாது."

"மீன் நாத்தம் இல்லாத வேலையெண்டாலும்?"

"அவ மீனைத்தான் படிக்கப்போறா எண்டால் நாத்தம் இருக்கும்" என்றார் ரீச்சர். எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பிள்ளையின் வாழ்க்கை தொங்குகிறது, இவர் ஏலாது, தெரியாது என்று இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

பிலோமினா ரீச்சரையே பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து அடுத்த சூரையைப் பிளந்தார். "இந்த வாடிக்கு வந்த ஒருத்தரும் ஏலாது எண்டு சொன்னதில்லை" என்றார், மீனிடம் சொல்வதுபோல. ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிளந்த வயிற்றுக்குள் விரலை விட்டு எதையோ தேடினார். எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு எறிந்தார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

ஜெசிந்தா பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முதல் சோதனையில் புள்ளி போதவில்லை. இரண்டாம் தரம் எழுதினாள். கிழக்கிலேயே பட்டம் முடித்து, இப்போது ஏற்றுமதிக்குப் போகிற மீனைச் சோதிக்கிற ஆய்வுகூடமொன்றில் இருக்கிறாள். அரசாங்க வேலை இல்லைத்தானே என்று தாய்க்கு இன்றைக்கும் குறை. செயலமர்வு நடத்துகிறவர்கள் அவளையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்க. வேலை நாள், வர ஏலாது என்று சொல்லிவிட்டாளாம். அந்தச் சொல்லை அவள் எங்கே படித்தாள் என்று எனக்குத் தெரியும்.

வாடிக்குப் போய்வந்த பிறகு வந்த அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். முதலாம் பாடம் உயிரியல். ஜெசிந்தாவின் கதிரை வெறுமையாக இருந்தது. வர்த்தக வகுப்புக்குப் போய்விட்டாள் என்றுதான் நினைத்தோம். ரீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். பாடம் பாதி போனபிறகு கதவடியில் அவள் நின்றாள். வெள்ளைச் சீருடையில் முன்பக்கமெல்லாம் ஈரம். கையில் நனைந்த சாக்குப் பொதி, அதிலிருந்து ஐஸ் தண்ணீர் நிலத்தில் சொட்டியது. பஸ்ஸில் ஒருவரும் பக்கத்தில் இருக்கவிடவில்லையாம். நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"என்ன அது?" என்று கேட்டார் ரீச்சர்.

ஜெசிந்தா பொதியை மேசையில் வைத்துச் சாக்கை விரித்தாள். பெரிய சூரை ஒன்று. செதில் கலையவில்லை, பூ இழுக்கவில்லை, வயிற்றில் ஒரு கீறல் இல்லை. பிலோமினாவின் கையால் வெளியே போகிற மீனை நான் அப்படி முழுதாகக் கண்டதில்லை.

"அம்மா தந்துவிட்டவ" என்றாள். "வெட்டாமல் அனுப்பியிருக்காவாம். மத்தியானத்துக்குப் பழுதாப் போயிடுமாம், அதுக்கு முதல் படிச்சு முடிக்கட்டாம்."